கூத்தாநல்லூர் காருக்கு நான் வைத்த வெல்டிங்

கெட்டுப்போன வெல்டிங்கை வெளியே தெரியாமல் மறைப்பவன்தான் கெட்டிக்கார வெல்டர் என்று எங்கள் தொழிலில் விளையாட்டாகச் சொல்வோம். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது யாராவது அதைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. முன்கோபி என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. ஆனால் இந்தக் கோபம் சொல்பவன் மேல் இல்லை, என் மேல்தான்.

குடவாசலில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. டிராக்டர் டிரெய்லர், சேற்றில் இறங்கும் இரும்புச் சக்கரம், வீட்டு கேட், இவைதான் பிழைப்பு. கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பாய் ஒருநாள் தேடிக்கொண்டு வந்தார். குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருடைய அத்தா, அதாவது அப்பா, ஓட்டிய பழைய கார் கொட்டகையிலேயே கிடந்து துருப்பிடித்திருந்தது. இன்ஜினை வேறொருவர் ஓடவைத்துவிட்டார். பிரச்சினை வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், சேஸில். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற இடம் இரண்டு பக்கமும் அப்பளமாக நொறுங்கியது. அதற்கு உதிரி எங்கும் கிடைக்காது. அளவெடுத்து, புதிதாகச் செய்து, பழையதோடு சேர்த்துப் பற்றவைக்க வேண்டும்.

"பொண்ணுக்குக் கல்யாணம் தம்பி. அத்தா வண்டியிலதான் அவள நாகூருக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி வைக்கணும்னு ஆசை. முடியுமான்னு சொல்லுங்க."

"முடியாதுன்னு ஒண்ணு இருக்கா பாய்" என்றேன். எல்லாம் வாய்க்கொழுப்பு.

வேலை என்னவோ ஆசையாகத்தான் செய்தேன். மனைவியின் புடவை வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அச்சு வெட்டினேன். துருப்பிடித்த துண்டோடு அதைப் பத்துத் தடவை வைத்துப் பார்த்துத் திருத்தினேன். பிறகுதான் தகட்டை வெட்டி, மூன்று பக்கமும் மடக்கி, பழைய வளைவு அப்படியே வரும்வரை தட்டினேன். பொருத்திப் பார்த்தபோது நடுவில் நகம் நுழைய இடமில்லை. பாய் அதை வீடியோ எடுத்து, கடல் கடந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். "குடவாசல்ல ஒரு ஆள் இருக்காரு பாருங்க" என்று அவர் பேசிய குரலும் அதில் இருந்தது. அதை நான் எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

"ஒட்டு மட்டும் தெரியக் கூடாது தம்பி. பிறந்ததிலேருந்து அப்படியே இருந்த மாதிரி இருக்கணும்" என்றார்.

வலது பக்கம் நன்றாக அமைந்தது. இடது பக்கத்தைத் தொடங்குவதற்குள் குறுவை நெல் நடவு வந்துவிட்டது. எங்கள் பட்டறைக்கு வருகிற டிரான்ஸ்பார்மரில்தான் சுற்றுவட்டாரத்து போர் மோட்டார்களும் ஓடுகின்றன. நடவு நேரத்தில் அத்தனையும் ஒன்றாக இரைக்கும்போது கரண்ட் படுத்துவிடும். வெல்டிங் ராடை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது, பிடுங்கினால் அணைந்துபோகிறது. நல்ல வெல்டிங்கில் இரண்டு இரும்பும் உருகி ஒன்றுக்குள் ஒன்று கலக்க வேண்டும். அன்று கலக்கவில்லை. உருகிய ராடு மேலே போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

கசடைத் தட்டிப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. வெட்டி எடுத்துவிட்டு, திருவாரூரிலிருந்து வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து மறுபடி வைத்திருக்கலாம். இரண்டு நாள் ஆகும். மறுநாள் காலையில் பெயிண்டர் வருவதாக இருந்தது, கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி. அதைவிட, இந்த ஆளுக்கு முடியவில்லை என்று அந்த வீடியோ பார்த்தவர்கள் சொல்லிவிடுவார்களே என்று இருந்தது.

கிரைண்டரை எடுத்து மேடாக இருந்ததை வழித்தேன். உள்ளே பிடிக்காத ஒட்டை மேலே இருந்த அந்த மேடுதான் கொஞ்சமாவது பிடித்துக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டு, பட்டி தடவி, பிரைமர் அடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தன.

வண்டியை எடுத்துப்போக வந்த பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "நம்பி ஏறலாம்ல தம்பி?"

"தாராளமா ஏறலாம் பாய்."

"அப்ப கல்யாணத்தன்னைக்குக் காலையில இந்த வண்டியவே அனுப்புறேன். நீங்க, வீட்டுல, பாப்பா, மூணு பேரும் இதுலதான் வந்து இறங்கணும்."

வேண்டாம் என்று பட்டென்று வாயில் வந்துவிட்டது. வேலை இருக்கிறது, எப்போது கிளம்புவோம் என்று தெரியாது, பஸ்ஸில் வருகிறோம் என்று என்னென்னவோ உளறினேன். அடக்கமான மனுஷன் என்று நினைத்து அவர் என் தோளைத் தட்டினார்.

கல்யாணத்தன்று பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பட்டுப்பாவாடை கட்டியிருந்த என் மகள் திருவாரூர் வருவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் அவள் முகத்தைக் கழுவிவிட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்.

"கார் அனுப்புறேன்னாராமே. பாய் வீட்டுல போன்ல சொன்னாங்க. ஏன் வேணாம்னீங்க?"

"சும்மா வாடி."

"கேட்டா பதில் சொல்லுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

சொன்னேன். கரண்டு, கிரைண்டர், பட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. மகளின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நம்ம புள்ள பஸ்ஸுல வரணும். அவரு புள்ள அதுல போகலாமா?"

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் கார் நின்றது, மல்லிகைச் சரம் சுற்றி, கண்ணாடிபோல் துடைத்து. ஆட்கள் அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாய் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்து நாலு பேரிடம் காட்டினார். மனைவி பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்துக் கிள்ளினாள்.

அவரைத் தனியே அழைத்துப்போய் சமையல்கட்டுப் பக்கம் வைத்துச் சொன்னேன். இடது பக்க ஒட்டு பிடிக்கவில்லை, நாகூர்வரை தாங்குமா என்று தெரியாது, பெண்ணை அதில் ஏற்றாதீர்கள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வைக்கும்போதே தெரியும் பாய்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். சாயங்காலம் பெண் கிளம்பும் நேரத்தில் வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. என்ன ஏது என்று எல்லோரும் கேட்டார்கள். "பேட்டரி காலை வாரிடுச்சு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகளின் கல்யாணத்தன்று அந்த மனுஷர் எனக்காகப் பொய் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. மணப்பெண் காரில் ஏறும்முன் என்னைப் பார்த்து, "நீங்க வருத்தப்படாதீங்க மாமா. நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள்.

மூன்று நாள் கழித்து ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு கூத்தாநல்லூர் போனேன். பாய் கொட்டகையைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, இடது பக்கம் பெயிண்டையும் பட்டியையும் சுரண்டினேன். கீழ் விளிம்பிலிருந்து ஒட்டு ஓரமாகவே விட்டிருந்தது. விரிசலுக்குள் பிளேடு முனை நுழைந்தது. கல்யாண மண்டபம்வரை ஓடியதற்கே அந்த நிலை.

மறைக்காமல் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் பார்த்து, விரிசலை விரலால் ஒரு தடவை தடவினார்.

"நீங்க வரலேன்னதால அன்னைக்குக் காலையில எங்க அம்மாவ ஏத்திட்டு மண்டபத்துக்கு வந்தேன் தம்பி. உங்களுக்குன்னு வச்சிருந்த இடத்துல."

எனக்கு டீ கொண்டுவர உள்ளே போனார்.