மகமை வட்டி யாருடைய வருமானம்

எங்கள் கடைத்தெருவில் விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் காலணா, பொதுச் செலவுக்கான மகமையாக எடுப்போம். சேர்ந்த பணம் ஒரு கடைக்காரர் பொறுப்பில் இருக்கும். அவர் அதை வட்டிக்கு விடுவார். வட்டியில் பாதி கோயிலுக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும். மீதியைத் தீபாவளிக்கு நாங்கள் பங்கு போட்டுக்கொள்வோம். அந்த வருஷம் சீட்டுக் குலுக்கியதில் என் பெயர் விழுந்தது. மூணாம் வகுப்போடு நின்றவன் நான்.

ஊர்ப்பொது என்று எழுதினால் கோர்ட்டில் வழக்காட ஆளில்லையென்று, கடன் பத்திரங்களைப் பொறுப்பாளர் பெயரிலேயே எழுதுவது எங்கள் வழக்கம். அதுதான் வினையாயிற்று. அப்போது ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு வரியில்லை. என் கடை வருமானம் அதற்கு வெகு கீழே. தாலுகா கச்சேரி நோட்டீஸில் மகமை வட்டி முழுவதையும் அதோடு கூட்டி, என் தலையில் வரி போட்டிருந்தார்கள்.

ஜவுளிக்கடை அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"என்னத்துக்குவே நடுங்குதீரு? மகமையில எடுத்துக் கட்டிரும்."

"கட்டினா அது என் பணம்னு ஆயிராதா அண்ணாச்சி? எனக்குக் கடன் கொடுத்தவன் ஜப்திக்கு வந்தா?"

"வந்தா உம்மையும் சேத்துத் தூக்கிட்டுப் போவான். நிம்மதியா இருப்போம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் கச்சேரிக்குப் போனேன். தாசில்தார் பொறுமையாகக் கேட்டார்.

"தர்மத்துக்குப் போகிற பாதிக்கு வரி இல்லை. பங்கு போடுகிற பாதி அவரவர் வருமானத்தில் சேரும். யார் யார், சொல்லும்."

பேனாவை எடுத்துவிட்டார். ஜவுளிக்கடை அண்ணாச்சி ஆயிரத்தை ஒட்டி நிற்பவர். பங்கைச் சேர்த்தால் தாண்டிவிடுவார். நான் சொன்னேன் என்று தெரிந்தால் தெருவில் யார் என்னிடம் சரக்கு வாங்குவார்கள்?

"ஐயா, பங்கு இன்னும் போடலை. எல்லாத்தையும் தர்மத்துக்கே கொடுத்துட்டா?"

"அப்படி எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும். செலவு நடக்கிறதா என்று நான் வந்து பார்ப்பேன்."

அண்ணாச்சி கடைசியாகத்தான் கையெழுத்துப் போட்டார். "தீவாளிச் சேலை எங்கேன்னு வீட்டுல கேப்பா. நீரே வந்து பதில் சொல்லும்வே."

வரி நீங்கியது. பயம் நீங்கவில்லை. ஐப்பசி மழையிலும் தண்ணீர்ப்பந்தல் நடத்தினேன். ஆற்றில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. நனைந்துகொண்டு போகிறவர்களை மறித்து, ஒரு வாய் மோர் குடித்துவிட்டுப் போகும்படி கெஞ்சிக்கொண்டிருந்தேன், கச்சேரி வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே.