சித்திரை வெயிலில் நாராயணப்பாவின் தோட்டா

ஓசூர்ப் பக்கம் மத்திகிரிக்குக் குடிவந்த முதல் வாரம், ‘போதும்’ என்று சொல்லத் தெரியாமல் வயிறு முட்டத் தின்றேன். வீட்டுக்கார அம்மா ஜெயம்மா களியும் கீரைக் குழம்பும் வைத்துக்கொண்டே “சாலா?” என்று கேட்டார். தெலுங்கில் ‘சாலா’ என்றால் நிறைய என்று டவுன் பஸ்ஸில் ஒருவர் சொல்லித் தந்திருந்தார். நிறைய வைத்துவிட்டேனா என்று கேட்கிறார்போல என நினைத்து, இல்லையென்று தலையாட்டினேன். இன்னோர் உருண்டை விழுந்தது. அவர் கேட்டது ‘போதுமா’ என்று. சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, மாநில எல்லையைத் தாண்டாமலே வேற்று நாட்டில் இறங்கியவன் நான். சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களோடு, ஓசூரில் ஷிஃப்டுக்குப் போகும் எங்களையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் வரும் அழைப்புக்குக் காசு பிடிப்பது நின்ற புதிது. கம்பெனியில் எனக்கு ப்ரஷர் டெஸ்டிங் வேலை. ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் எண்ணெயை அழுத்தி ஏற்றி, மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு இறக்கிவிட்டு அளந்து பார்ப்போம். ஒழுகாவிட்டாலும், ஒரு மயிரிழை உப்பியிருந்தால் கழித்துவிடுவோம். நாளெல்லாம் இதையே செய்துவிட்டு வந்தால், வீட்டில் யார் பேசினாலும் பம்பின் இரைச்சல் வழியாகத்தான் கேட்கும்.

வீட்டுக்காரர் நாராயணப்பாவுக்கு உத்தனப்பள்ளிப் பக்கம் தக்காளித் தோட்டம். பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற ஒரு ரைபிள் அவரிடம் இருந்தது. அவருடைய அப்பா காலத்துச் சாமான்; அந்த அளவுத் தோட்டா பெங்களூர்க் கடைகளிலும் கிடைக்காமல் போயிருந்தது. அதனால் முறையாக அனுமதி வாங்கி, சுட்ட பித்தளைக் கூடுகளில் வெடிமருந்தும் குண்டும் புதிதாக ஏற்றித் தானே செய்துகொள்வார். போன வருஷம் குண்டு பட்ட காட்டுப்பன்றி ஒன்று விழாமல் திரும்பி வந்து, கூலிக்கு வந்தவரின் தொடையைக் கிழித்துவிட்டது. அன்றிலிருந்து மார்கழி வரை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுட்ட கூடுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

“நீ ப்ரஷர் பாக்கறவன் தானப்பா. இதுல எவ்ளோ ஏறுதுன்னு சொல்லிடேன்.”

குழலில் மீட்டர் கிடையாது. எண்ணாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கூடு பேசியது. அடியில் சுத்தி அடித்துப் பொறி பிடிக்கும் சின்னத் தொப்பி, விளிம்பே தெரியாமல் தட்டையாகிப் போயிருந்தது. பித்தளையின் அடிப்பாகத்தில் பளபளவென்று ஒரு தேய்ப்புத் தடம். சுட்ட பிறகு, கூட்டை வெளியே இழுக்கும் போல்ட்டைத் தூக்கக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன்.

“மார்கழில சும்மா வழுக்கிக்கினு வந்துச்சி. இப்பதான் ரெண்டு தபா கையால குத்தித் தூக்கினேன்.”

“மருந்து அதேதானா?”

“அதே டப்பா, அதே அளவு.”

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஓசூர்க் குளிரில் சோதித்த அளவு அது. இப்போது சித்திரை, தோட்டாக்கள் வாசலில் நின்ற அவர் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்தன. சூடேறிய மருந்து இன்னும் வேகமாக எரியும். வெயில் என்ன செய்யும் என்று எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அண்ணே, இது அளவு தாண்டியாச்சு. மிச்சத்தையெல்லாம் பிரிச்சிருங்க. ரொம்பக் கீழ இருந்து திரும்ப ஆரம்பிக்கணும்.”

“ஒண்ணும் ஆவலயே?”

“வெடிக்கலங்கறதுக்காக நல்லா இருக்குன்னு அர்த்தமில்லண்ணே. தாங்குன வரைக்கும் தாங்கியிருக்கு.”

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியம் தோட்டத்துக்குக் கிளம்ப ஜீப்பைத் துடைப்பதைப் பார்த்தேன். வாடகைக்கு இருப்பவன் எதுவரை பேசலாம் என்று யோசித்துக்கொண்டே பின்வாசலுக்குப் போய் ஜெயம்மாவிடம் சொன்னேன். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு, மீதி கையாட்டல்.

“பேலிப்போதுந்தா?” என்றார். எங்கள் ஊரில், வெளிக்குப் போவதைக் குறிக்கும் அந்தச் சொல்லைப் பெண்கள் முன்னால் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். வெடித்துவிடுமா என்று கேட்கிறார் எனப் புரிய ஒரு கணம் பிடித்தது. ஆமாம் என்றேன். அவர் உள்ளே போய்த் துப்பாக்கிப் பெட்டியின் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதன்பிறகு நடந்த சண்டை தெலுங்கில். எனக்குப் புரிந்த ஒரே வரி, நாராயணப்பா எனக்காகத் தமிழில் சொன்னதுதான். “வேற வூடு பாத்துக்கப்பா. என் பொண்டாட்டிகிட்ட என்னைப் பத்திப் பேச உன்னை வெக்கல நான்.”

என் மனைவி அட்டைப்பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கத் தொடங்கினாள். ஊரை விட்டு வந்ததிலிருந்து எங்களுக்கு அது மூன்றாவது வீடு. ஷிஃப்டு முடிந்து வந்து, அலுத்த காலோடு தெருத்தெருவாக ‘டு லெட்’ பலகை தேடினோம். “தமிழா, தெலுங்கா, கன்னடமா?” என்றுதான் முதலில் கேட்டார்கள். தமிழ் என்றால், “எந்தத் தமிழ்?” என்றார்கள்.

வார இறுதியில் நாராயணப்பா வந்து நின்றார். உட்காரச் சொன்னதும் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்தார். சாவியைத் திருப்பித் தர ஜெயம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: சுடலாம், ஆனால் கையில் பிடித்துச் சுடக்கூடாது. கோபத்தில் அதையும் செய்து காட்டிவிடலாம் என்று, பிரிக்காத தோட்டாவைப் போட்டு, டிராக்டர் டயரில் ரைபிளைக் கட்டி, விசையில் கயிறு போட்டு, வரப்பு மேட்டுக்குப் பின்னால் படுத்து இழுத்திருக்கிறார். நல்ல உச்சி வெயிலில்.

“கூடு அடியில கிழிஞ்சிடிச்சி. போல்ட்டு அப்பிடியே இறுகிப்போச்சி. கட்டை மூஞ்சி வெக்கிற எடத்துல ரெண்டாப் பிளந்துக்கினு…” கன்னத்தைத் தொட்டவர், அங்கேயே கையை வைத்துக்கொண்டார். அப்பாவின் துப்பாக்கி போன துக்கமா, முகம் தப்பிய பயமா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போகும்போது, “பொட்டியெல்லாம் மேல ஏத்திடுப்பா” என்றார். அன்று சாயங்காலம் ஜெயம்மா ஒரு தட்டில் களி கொடுத்தனுப்பினார்.

அடுத்த தை மாதம் ஊருக்குக் கிளம்பினபோது நல்ல குளிர். நாராயணப்பா தன் பழைய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். விடிகாலையில் துப்பாக்கியோடு தோட்டக் காவலுக்குப் போட்டுக்கொண்டு போவது. “இனிமே எனக்கு எதுக்கு” என்றார். பஸ் குருபரப்பள்ளி தாண்டும்வரை அது இல்லாமல் முடியவில்லை. மதுரைக்கு வந்தபோது மடியில் சுமையாகக் கிடந்தது. வீட்டு வாசலில் அம்மா அதைக் கையில் வாங்கி, முகத்தருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

“என்னலே, வெடிமருந்து வாடை அடிக்கி? சிவகாசி வழியாவா வந்தே?”

ஓசூரின் குளிரெல்லாம் அந்தக் கம்பளியில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அதில் பக்கத்து ஊர்தான் தெரிந்தது. “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.