குப்பியும் கையுமாக

நேற்றுக் காலை பாறசாலையில், பேக்கரி வாசலில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் ஓடிப்போனான். காலில் பச்சையும் ஆரஞ்சுமாக மின்னும் ஷூ, காதில் எதையோ அடைத்திருந்தான், கையில் நீலநிறத்தில் ஒரு தண்ணீர்க் குப்பி. அந்தக் குப்பியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்து சாயா மூக்கில் ஏறிவிட்டது. கடைக்காரர் முதுகில் தட்டிவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எதையாவது வாயால் சொல்லத் தொடங்கினால் பாதி வழியில் எனக்கு வெட்கம் வந்துவிடும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் செங்கல் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குப் பால்வெட்டு வேலை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தொடங்கினால், வெட்டி முடிக்கும்போது வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்து விழும். பிறகு சிரட்டைகளில் பால் வடிந்து நிறையும்வரை செய்வதற்கு ஒன்றும் கிடையாது. மற்ற வெட்டுக்காரர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன். பேச்சை அதற்கும் முன்னாலேயே நிறுத்தியிருந்தேன். அவர்களோடு உட்காரக் கூச்சப்பட்டு ஒருநாள் சரிவில் இறங்கி நடந்தேன். இலையுதிர் காலம். சருகின்மேல் கால் வழுக்கியது. விழாமல் இருக்க நாலு எட்டு ஓடினேன். அந்த நாலு எட்டில் என்னவோ ஆகிவிட்டது. சரிவு முடிந்தும் கால்கள் நிற்கவில்லை. நானும் நிற்கச் சொல்லவில்லை. கடலில்தான் போய் நின்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் மூக்கே கொண்டு சேர்த்துவிடும் வழி அது. முதலில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரையின் வாடை. அது முடியும் இடத்தில் வாழைத்தோட்டத்து ஈரமண். அப்புறம் ஒரு நாகர்காவு, பாம்புத்தெய்வங்கள் குடியிருக்கும் தோப்பு, பாலைப்பூ மணத்தோடு. அங்கே மட்டும் நடப்பேன். பயந்து ஓடுகிறான் என்று நாகர் நினைத்துவிடக் கூடாதே. திருப்புறம் தாண்டினால் கால்வாயில் கயிறு திரிக்க ஊறப்போட்ட தேங்காய்த்தொண்டு அழுகும் நாற்றம். அந்த நாற்றத்தைக் கிழித்துக்கொண்டு திடீரென்று ஒரு காற்று வரும். உப்பும் மீனும் கலந்த காற்று. அது முகத்தில் அடித்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கையை விரித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக்கட்டிய ஒரு வளர்ந்த ஆள், தென்னைகளுக்கு நடுவே கன்றுக்குட்டிபோல் துள்ளிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். யாரும் பார்க்காதவரை ஒன்றுமில்லை.

பார்த்தார்கள். முதல்நாள் கையில் பால்வெட்டுக் கத்தி இருந்ததை நான் மறந்துவிட்டேன். திருப்புறம் நெருங்கும்போது வீடு வீடாகக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஏன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. மறுநாள் கத்தியை வைத்துவிட்டுப் போனேன். இப்போது கேள்விகள் தொடங்கின. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை ஓடினால், ஒன்று திருடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் யாரோ படுத்திருக்க வேண்டும். வாழைத்தோட்டத்து மாமா மண்வெட்டியோடு வரப்பில் வந்து நின்று மறிப்பார். "மக்கா, ஆருக்கு சொகமில்ல?" சாயாக்கடைக்காரர் அடுப்பை விட்டு இறங்கி வந்து அதையே கேட்பார். கால்வாயில் குளிக்கிறவர் கழுத்தளவு தண்ணீரிலிருந்து கேட்பார். சும்மா ஓடுகிறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஓடுவதையே விட்டுவிடலாமா என்று அம்மையிடம் கேட்டேன்.

அம்மை பக்கத்து வீட்டில் அரிஷ்ட மருந்து தீர்ந்த ஒரு குப்பியை வாங்கி, கழுவி என் கையில் தந்தாள்.

"எலே, இதக் கையில வச்சிட்டு ஓடு. குப்பியக் கண்டா ஆளு தன்னால வழி விடும். கேட்டா மருந்துக்குன்னு சொல்லு."

"ஆருக்குன்னு கேட்டா?"

"எனக்காக்கும்னு சொல்லு. நான் தாங்கிக்கிடுவேன்."

தாங்குவாள். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி நின்று நாள்முழுக்க நல்லமிளகு பறிப்பவள் அவள். ஏணியை நகர்த்தி வைக்க என்னைக்கூடக் கூப்பிடமாட்டாள்.

குப்பி வந்த பிறகு வழியே மாறிவிட்டது. ஆடு மேய்ப்பவர்கள் ஆட்டை இழுத்துப் பிடித்தார்கள். பஸ் டிரைவர் பிரேக் போட்டு, நீ போ என்று கைகாட்டினார். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். சாயாக்கடைக்காரர் வாதம் என்று முடிவு செய்தார். மாமா, மூச்சிரைப்பு என்றார். அம்மையின் நோய் வளர்ந்ததில் என் பங்கு தலையாட்டியது மட்டும்தான். போகும்போது காலிக்குப்பி, வரும்போது நிறைகுப்பி என்று அவர்கள் கண்கள் பழகிவிட்டதால், திரும்பும்போது கடல்தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வருவேன். அம்மை அதை வாங்கித் தென்னைமூட்டில் ஊற்றுவாள்.

கடற்கரையில் செலின் இருந்தாள். மீன்பிடிக்கும் குடும்பம், மணலில் நெத்தோலி மீனைக் காயப்போட்டுக் காக்கையை விரட்டிக்கொண்டு நிற்பாள். குப்பியைக் கண்டு ஒருநாள் அவளும் கேட்டாள். அம்மைக்கு என்றேன். அன்றிலிருந்து தினமும் ஒரே கேள்வி.

"அம்மைக்கு எப்பிடி உண்டு?"

"பரவால்ல."

எங்களுடைய மொத்தப் பேச்சும் அதுதான். ஆனால் அந்த ஒரு கேள்விக்காக நான் இலங்கைவரை ஓடியிருப்பேன். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அம்மைக்குக் குணமாகிவிட்டது என்று சொன்னால் நாளை அவள் கேட்கமாட்டாள். குணமே ஆகவில்லை என்றால் அவள் முகம் வாடிவிடும். ஆகவே அம்மை ஒருநாள் கொஞ்சம் தேறினாள், மறுநாள் கொஞ்சம் தளர்ந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மை விறகு கீறிக்கொண்டே கேட்பாள், "எலே, இன்னைக்கு எனக்கு எப்பிடி உண்டு?"

அம்மைக்காகச் செவ்வாய்தோறும் அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றுவதாக ஒருநாள் செலின் சொன்னாள். அன்று திரும்பும்போது குப்பி கனத்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் வாழைத்தோட்டம்வரை ஒத்திகை பார்ப்பேன். நாகர்காவு வரும்போது பாதி மறந்துபோகும். அவளைக் கண்டதும் மீதியும் போகும். சொன்னால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், என் வழியும் அத்தோடு முடிந்தது. அந்தப் பயம்தான்.

அப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மீன் காயப்போடவில்லை. தேய்த்த பாவாடையும் தாவணியுமாக, தன் அம்மையோடு ரோட்டில் நின்றாள். கையில் இலையால் மூடிய சட்டி.

"அம்மையக் காண வாறோம். பஸ்ஸு இப்ப வரும்."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் திரும்பி ஓடினேன்.

பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு, நிறுத்தம் நிறுத்தமாக நின்று வரும். எனக்குக் குறுக்குவழி உண்டு. அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். குப்பி காலி. எப்போதும் நிறைகுப்பியோடு மெதுவாகத் திரும்புகிறவன், காலிக்குப்பியோடு பறந்து வருகிறான். வழியில் இருந்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? அன்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாயாக்கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு என் பின்னால் ஓடிவந்தார். குளித்துக்கொண்டிருந்தவர் இடுப்பில் கட்டிய ஈரத்தோர்த்துத் துண்டோடு ஏறி வந்தார். மாமா மண்வெட்டியைப் போட்டார். எதற்கென்று தெரியாமல் கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு ஆடும் வந்தது. நாகர்காவின் முன்னால் நான் வழக்கம்போல் நடந்தேன். பின்னால் வந்தவர்களும் நடந்தார்கள். தாண்டியதும் எல்லோரும் மறுபடி ஓடினோம். ஓட்டப்பந்தயம் என்றால் நான் அன்று பார்த்ததுதான்.

முற்றத்துக்குள் போனால் அம்மை ஏணியின் உச்சியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருக்கிறாள். கீழே கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏணியில ஆராக்கும்?"

"நான்தான்," என்றாள் அம்மை. "எதுக்கு எல்லாரும் இப்பிடி ஓடி வாறிய? ஆருக்கு சொகமில்ல?"

அப்போது வளைவில் பஸ் ஹார்ன் கேட்டது. குப்பிக்காரன் வீடு எது என்று பஸ் டிரைவரிடமே கேட்டு இறங்கி, செலினும் அவள் அம்மையும் சட்டியோடு உள்ளே வந்தார்கள். வந்தவர்களும் மேலே பார்த்தார்கள். இனி ஓட இடமில்லை. இத்தனை பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல்தடவை.

"அம்மைக்கு ஒண்ணும் இல்ல. ஒருநாளும் இருந்ததில்ல. எனக்கு ஓட ஆசையா இருந்துச்சு. அதாக்கும்."

செலினின் அம்மை ஏணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அந்தோணியாரே, எழும்பமாட்டாமக் கெடந்த பொம்பளைய ஏணியில ஏத்திட்டீரே."

கூட்டம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. சாயாக்கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. தோர்த்து கட்டியிருந்தவர், பையனுக்குச் சந்தோஷத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்றார். அம்மை மேலிருந்து என்னைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், என்ன மீன் என்று விசாரித்துக்கொண்டே இறங்கினாள்.

செலின் காதில் மட்டும் விழுந்திருந்தது. எல்லோரும் அம்மையைச் சுற்றி நின்றபோது அவள் என் பக்கத்தில் வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அப்ப கடலு வரைக்கும் வெறுதே, சும்மா ஓடி வந்ததா?"

"மொதல்ல வெறுதே. பொறவு வெறுதே இல்ல."

அவள் தலையைக் குனிந்துகொண்டு குப்பியை என் கையிலிருந்து வாங்கினாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், சிரிப்பு நிற்கவில்லை.

"நாளைக்கு வரும்போ இது வேண்டாம்."

அன்றைய பால் முழுவதும் சிரட்டையிலேயே உறைந்துபோயிருந்தது. தோட்டத்து முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசினார். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். அதற்கும் சேர்த்து ஏசினார்.

அதன்பிறகு இரண்டு வீட்டிலும் நடந்த சண்டை, சமாதானம் எல்லாம் பெரிய கதை. அதைச் செலின் சொன்னால்தான் நன்றாக இருக்கும். அவளுக்கு வாய் உண்டு. அவள் நெத்தோலி காயப்போட்ட மணல் இப்போது கடலுக்குள் இருக்கிறது. ரப்பர்ச் சரிவை இடித்து மண்ணை லாரியில் கொண்டுபோய்விட்டார்கள். வாழைத்தோட்டத்தில் வீடுகள். கால்வாயில் குளிக்க யாரும் இறங்குவதில்லை. அம்மை போனாள், கடைசிவரை ஒரு குப்பி மருந்தும் குடிக்காமல்.

இன்று காலையும் பேக்கரிக்குப் போனேன். அந்தப் பையன் நீலக்குப்பியோடு வந்தான். ரோடு முழுக்க ஆட்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கால் தானாக இறங்கியது. அவன் எதிரே போய் நின்று கேட்டுவிட்டேன்.

"மக்கா, ஆருக்கு சொகமில்ல?"

அவன் காது அடைத்திருந்தது. பையன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, சிரித்துக்கொண்டே என்னைச் சுற்றி ஓடிப்போனான்.