பத்துக்கு ஒன்பது

ஜெய்புன்னிசா டீச்சருக்கு இந்த உலகத்தில் பிடிக்காத ஆள் ஒருத்திதான், அது ஞானம்பாள் டீச்சர். கடலோரத்து அந்த ஆரம்பப் பள்ளியில் ஞானம்பாளுக்கு இரண்டாம் வகுப்பு, ஜெய்புன்னிசாவுக்கு மூன்றாம் வகுப்பு. நடுவில் மறைப்புக்கு ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரித்தால் இந்தப் பக்கம் இவளுக்கு வயிறு எரியும்.

எட்டு வருஷமாக எரிகிறது. செங்கல்பட்டு பஜாரில் குடையும் லுங்கியும் விற்கிற ஹயாத் பாஷாவின் மனைவி அவள். விடிந்தும் விடியாமலும் நாஸ்தா செய்து வைத்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற முதல் பஸ்ஸைப் பிடித்து, மணி அடிக்குமுன் வகுப்பில் நிற்பாள். ஞானம்பாளுக்கு வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே. இருந்தும் பத்து நிமிஷம் கழித்துத்தான் ஆடி அசைந்து வருவாள். வந்தால் மேசைமேல் கனகாம்பரம் காத்திருக்கும். இவள் மேசையில் சாக்பீஸ் தூள்தான் இருக்கும்.

பூவைக்கூட மன்னித்துவிடலாம். மார்க்கைத்தான் மன்னிக்க முடியவில்லை. இரண்டாம் வகுப்பில் தொண்ணூறு வாங்கிய பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் நாற்பதில் வந்து நிற்கும். பெற்றவர்கள் யாரிடம் சண்டைக்கு வருவார்கள்? அள்ளி விட்டவளிடமா? அளந்து போட்டவளிடம்தான். "ஞானம்பா டீச்சர்கிட்ட நல்லாத்தானே படிச்சிகினு இருந்துச்சி, உங்கிட்ட வந்து இன்னா ஆச்சி?" என்று கேட்பார்கள்.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. இரண்டாம் வகுப்பு வரைக்கும் சிலேட்டு. பரீட்சையும் சிலேட்டில்தான். பிள்ளை பலப்பத்தால் எழுதியதற்கு டீச்சர் மேலே சாக்பீஸால் மார்க் போடுவாள். பிள்ளை அதைக் கை படாமல் வீடு வரைக்கும் ஏந்திக்கொண்டு போய்க் காட்டும், மறுநாள் எச்சில் தொட்டு அழித்துவிடும். மூன்றாம் வகுப்பில்தான் காகிதமும் பேனாவும். அங்கே ஜெய்புன்னிசா சிவப்பு மையில் போட்ட மார்க் அழியாமல் நின்று அவளைத் திட்டு வாங்க வைக்கும்.

"அவ போட்டது நெஜமா பொய்யான்னு யாரு பாத்தா? மறுநாளே அழிஞ்சி போவுது. நான் போட்டதுதான் காலத்துக்கும் நிக்குது" என்று புருஷனிடம் புலம்புவாள்.

"நீயும் ஆளுக்கொரு சிலேட்டு வாங்கிக் குடுத்துடேன்" என்பார் ஹயாத் பாஷா. அன்றைக்கு அவருக்குச் சால்னாவில் உப்பு இருக்காது.

ஜெய்புன்னிசா திருத்துவதில் யாரும் குறை சொல்ல முடியாது, அவ்வளவு கறார். சுத்தம் வேண்டும் அவளுக்கு. காகிதத்தில் ஒரு அடித்தல் இருந்தால் ஒரு மார்க் போச்சு, இரண்டு இருந்தால் இரண்டு.

எழுபத்து நாலாம் வருஷம் முழுப் பரீட்சையில் அமிர்தவல்லி என்ற பெண் கணக்கில் இருபத்தெட்டு மார்க் வாங்கினாள். பாதிக் கேள்விக்கு மேல் பதிலே எழுதவில்லை. போன வருஷம் இரண்டாம் வகுப்பில் அவள்தான் முதல். 'பெயில்' என்று லிஸ்டில் எழுதும்போது ஜெய்புன்னிசாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் இனித்தது என்பதை மறைப்பானேன்? தட்டிக்கு அந்தப் பக்கத்து வண்டவாளம் வெளியே வரட்டும் என்றிருந்தது அவளுக்கு.

ஹெட்மாஸ்டர் பக்தவத்சலம் லிஸ்டில் கையெழுத்துப் போடவில்லை.

"பெயிலானா பொண்ண நிறுத்திக் கடையில போட்டுக்குவேன்னு அவங்கம்மா சொல்லிக்கினு இருக்காங்களாம். நீங்க வீட்டுக்குப் போயி ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க டீச்சர். திங்கக்கிழமை கையெழுத்து போடறேன்."

ஜெய்புன்னிசா சந்தோஷமாகவே கிளம்பினாள். பேசுவதற்கு எட்டு வருஷச் சரக்கு இருந்தது.

அமிர்தவல்லியின் அம்மா சந்திரம்மா, கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்பவள். வீட்டின் முன்பக்கமே கடை. டீச்சரை ஸ்டூலில் உட்காரவைத்தாள். அமிர்தவல்லி ஓரமாக உட்கார்ந்து மந்தார இலை தைத்துக்கொண்டிருந்தாள்.

"உம் பொண்ணு மேல தப்பு இல்ல சந்திரம்மா" என்று ஜெய்புன்னிசா ஆரம்பித்தாள். "போன வருஷம் வாங்குன மார்க்கெல்லாம் சும்மா. பாவம் பாத்துப் போட்டது. கேக்க ஆளில்ல, வாரி விட்டுட்டாங்க."

சந்திரம்மா உள்ளே போய், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்துவந்தாள்.

"ரெண்டாங்கிளாஸ் முழுப் பரீச்சையில எழுதுனது. மூணாங்கிளாசுக்குத்தான் சிலேட்டு வாணாமே, அதான் அழிக்காம மாட்டி வெச்சிகீறேன். பாருங்க டீச்சரம்மா, சும்மாவா போட்டாங்கன்னு. நாளன்னிக்கு இத்த ஹெட்மாஸ்டராண்டயே காட்டறேன்."

ஐந்து கணக்கு இருந்தது. மேலே சாக்பீஸில் பத்துக்கு ஒன்பது. ஜெய்புன்னிசா தப்பைத் தேடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். நாலு கணக்கு சரி. ஐந்தாவது, ஐம்பத்திரண்டு மாம்பழத்தில் இருபத்தேழை விற்றால் மீதி எவ்வளவு என்பது. பெண் இருபத்தைந்து என்று எழுதியிருந்தாள். அதுவும் சரிதான். பின்னே ஏன் ஒரு மார்க் குறைந்தது? கூர்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. 'மாம்பழம்' என்று எழுதவில்லை, வெறும் இருபத்தைந்து.

இதற்குப் போய் யாராவது மார்க்கைக் குறைப்பார்களா? நானே குறைத்திருக்க மாட்டேனே என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான், தான் நினைத்தது இன்னதென்று அவளுக்கு உறைத்தது. எட்டு வருஷமாக வாரி விடுகிறவள் என்று யாரைச் சொன்னாளோ, அவள் தன்னைவிடக் கறாராகத் திருத்தியிருக்கிறாள். காதெல்லாம் சுட்டது. இந்தச் சிலேட்டு ஹெட்மாஸ்டர் மேசைக்குப் போனால் தட்டிக்கு எந்தப் பக்கத்து வண்டவாளம் வெளியே வரும்?

வேலை விட்டு வந்த நாலு பேர் கடை வாசலில் நின்று குரல் கொடுத்தார்கள். சந்திரம்மா இட்லிப் பானையைத் திறக்கப் போனாள். ஜெய்புன்னிசா முந்தானையை எடுத்து, தூசி தட்டுகிற மாதிரி, சிலேட்டை ஒரே இழுப்பில் துடைத்தாள். கணக்கும் போயிற்று, ஒன்பதும் போயிற்று.

நிமிர்ந்தால், அமிர்தவல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் அழவில்லை, அம்மாவைக் கூப்பிடவும் இல்லை. எழுந்து வந்து சிலேட்டை வாங்கிக்கொண்டாள். மாடத்தில் கிடந்த துண்டுப் பலப்பத்தை எடுத்துக்கொண்டு தரையில் குந்தி, ஒரு வருஷத்துக்கு முந்தைய கேள்விகளை ஒன்றுவிடாமல் எழுத ஆரம்பித்தாள். எழுதுவாள், கட்டை விரலால் அழிப்பாள், யோசிப்பாள், மறுபடி எழுதுவாள். மூன்றாவது கணக்கை இரண்டு முறை அழித்துப் போட்டாள். விடை சரியாக வந்தது.

ஜெய்புன்னிசா ஸ்டூலை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் குந்தினாள். "இப்டி தெரிஞ்சி வெச்சிகினு, எங்கிட்ட ஏன்மா எழுதாம வெச்ச?"

"பேப்பர்ல அழிக்க முடியாதே டீச்சர். அடிச்சா நீங்க மார்க்க கொறைப்பீங்க. அதான் கரீட்டா தெரிஞ்சத மட்டும் எழுதினேன்."

கடைசிக் கணக்கில் இருபத்தைந்து என்று எழுதி, பக்கத்தில் 'மாம்பழம்' என்றும் எழுதினாள். சிலேட்டையும் பலப்பத்தையும் டீச்சரிடம் நீட்டினாள்.

சந்திரம்மா கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். "இன்னாடி இது, மார்க்கு எங்க?"

"டீச்சர் போடுவாங்கம்மா" என்றாள் அமிர்தவல்லி.

ஜெய்புன்னிசா பத்துக்குப் பத்து போட்டாள். "நாந்தான் தப்பா திருத்திட்டேன் சந்திரம்மா. உம் பொண்ணு பாஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். சந்திரம்மா அந்தச் சிலேட்டை அதே ஆணியில் மாட்டினாள். செய்த காரியத்தின் வெட்கம் பஸ்ஸில் செங்கல்பட்டு வரைக்கும் ஜெய்புன்னிசாவைப் பிடுங்கித் தின்றது. அதற்கு நடுவிலும், ஞானம்பாள் ஒன்பதுதான் போட்டாள், நான் பத்து போட்டேன் என்று ஒரு ஓரத்தில் சின்னதாய்க் குளிர்ந்தது. பழக்க தோஷம்.

திங்கட்கிழமை லிஸ்டில் 'பெயில்' என்பதை அடித்து 'பாஸ்' என்று எழுதினாள். அடித்தலுக்காக ஹெட்மாஸ்டர் ஒன்றும் குறைக்கவில்லை.

வெளியே வந்தால் ஞானம்பாள் எதிரில் நிற்கிறாள். "நேத்து அமிர்தம் எங்க வீட்டுக்கு வந்தா டீச்சர். சிலேட்டு விஷயத்தச் சொன்னா."

ஜெய்புன்னிசா சட்டென்று திரும்பி, ஹெட்மாஸ்டர் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"பழைய கணக்க நீங்க மறுபடி போடச் சொன்னீங்களாமே? பத்துக்குப் பத்தாம்." ஞானம்பாள் முகமெல்லாம் சிரிப்பாக அருகே வந்தாள். "மாம்பழம்னு எழுதிட்டாளா?"

அறுபது பிள்ளைகளில் ஒருத்தி, ஒரு வருஷத்துக்கு முன்னால், ஒரு சிலேட்டில் எழுதாமல் விட்ட வார்த்தை இவளுக்கு நினைவிருக்கிறது. தன் வகுப்பில் யார் எதை விட்டார்கள் என்று ஜெய்புன்னிசா யோசித்துப் பார்த்தாள். சிவப்பு மை எண்கள்தான் ஞாபகம் வந்தன.

"எழுதிட்டா" என்றாள். எட்டு வருஷமாகப் பட்ட பொறாமை எல்லாம் அந்த நிமிஷத்துப் பொறாமைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.