ஆகாயத்தில் ஒரு நோன்பு

2005இல், நோன்பு மாதத்தில்தான் முதன்முதலாக விமானம் ஏறினேன். சென்னையிலிருந்து சவுதியில் இருக்கும் தம்மாமுக்கு. மழை இறங்கிவிட்டால் மரக்காணம் உப்பளத்தில் லோடு ஏற்றும் வேலை இருக்காது. கைக்கு வந்த விசாவைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. கல்யாணமாகி ஐந்தே மாதம். பயணம் போகிறவனுக்கு நோன்பு கட்டாயமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நான்தான் பிடிவாதமாக வைத்தேன். பக்தி என்று சொன்னால் பொய். கிளம்பும்போது என் மனைவி ஒன்று கேட்டிருந்தாள்.

"ஏங்க, இங்க பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற நேரத்துக்கு நீங்களும் நோன்பு தொறங்க. ஒண்ணா உக்காந்து தொறந்த மாதிரி இருக்கும்."

"நாலரை மணி நேரந்தான் பிளைட்டு. பாதி வழியில தொறந்துடுவேன்" என்றேன், பத்துத் தடவை போய் வந்தவன் மாதிரி.

விமானத்தில், என் கடிகாரம் ஊர் நேரப்படி ஆறைத் தொட்டது. மரக்காணத்தில் பாங்கு சொல்லி முடித்திருப்பார்கள். எனக்கோ முகத்தில் சுள்ளென்று வெயில். எரிச்சல் எரிச்சலாக வந்தது. சூரியன் இருக்கும்போது எப்படித் திறப்பது? திறக்காவிட்டால் அவளுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது?

பக்கத்து இருக்கைக்காரர் திண்டிவனத்துப் பக்கம், லீவு முடிந்து திரும்புகிறவர். பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "மேற்கால போறோம் தம்பி. சூரியன் பின்னாலயே ஓடுறோம், அது லேசுல விழாது."

பிறகு பணிப்பெண்ணிடம் என் சாப்பாட்டை எடுத்துவைக்கச் சொன்னார். எழுந்து ஜன்னல் இருக்கையையும் எனக்கே கொடுத்தார். "நீங்களே பாத்துக்குங்க. எனக்கு மேகம் பாத்து அலுத்துப்போச்சு."

கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அந்தச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பளத்தில் தினமும் நான் திட்டிய சூரியன்தான். அது ஒருவழியாக மறைந்தபோது, "அப்பாடா" என்று முதலில் சொன்னவர் அவர். தண்ணீர் குடித்து, எடுத்துவைத்திருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். அவர் முகம் இன்று மறந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நோன்பிலும் அவருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன். நான் செய்யக்கூடிய நன்றி அவ்வளவுதான்.

இறங்கியதும் வீட்டுக்கு போன் போட்டேன். பயந்துகொண்டேதான் சொன்னேன்: "நீ தொறந்தப்ப நான் தொறக்கல. இங்க வெயில் போகவே இல்ல."

"எங்கம்மா இப்பத்தான் சொன்னாங்க, அங்க பொழுது லேட்டாத்தான் சாயுமாம்" என்றாள். "பாங்கு கேட்டதும் தண்ணி குடிச்சு தொறந்துட்டேன். சோறு இன்னும் திங்கல. எங்க அத்தா சவுதியில இருந்தப்ப அம்மாவும் போன் வர்ற வரைக்கும் திங்க மாட்டாங்களாம். நீங்க சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்" என்றேன்.

"அப்ப போனை வைங்க. எனக்குப் பசிக்குது."