கடைசி மெஷினில் கேட்ட குரல்

பனியன் கம்பெனிகள் நிறைந்த நல்லூரில் நாங்கள் இருப்பது மாடி வீடு. கீழே வீட்டுக்காரரின் நிட்டிங் யூனிட், பனியன் துணி பின்னும் இடம். மேலே நானும் அம்மாவும். வேலை நாட்களில் எங்கள் வீட்டுத் தரை சன்னமாக அதிர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீர் டம்ளரை மேசைமேல் வைத்தால் உள்ளே வட்டம் வட்டமாக அலை ஓடும். எனக்கு அது பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதிர்வு நின்றுபோனால்தான் ஏதோ சரியில்லை என்று தோன்றும்.

என் முதல் கம்ப்யூட்டர் விளையாட்டு அந்த எண்ணத்திலிருந்து வந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பனியன் வெட்டுவதற்கான பேட்டர்ன் வரையும் வேலையில் இருந்துகொண்டே, கிடைத்த நேரத்தில் தனியாக அதைச் செய்தேன். கதை மிகச் சிறியது. மறந்துவிட்ட சாப்பாட்டுத் தூக்குவாளியை எடுக்க, ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்குள் போகிறாள். ஆளில்லாத யூனிட்டில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வெளியே வர வேண்டும். பேய் இல்லை, ரத்தம் இல்லை, துரத்துகிறவர் யாரும் இல்லை.

நாலு பேர் விளையாடினால் போதும் என்று நினைத்து இணையத்தில் போட்டேன். எங்கெங்கோ இருக்கிறவர்கள் விளையாடினார்கள். முகத்தைக் காட்டிக்கொண்டு விளையாடும் வீடியோக்களில், கடைசி மெஷின் பக்கம் வந்ததும் சிலர் ஹெட்போனைக் கழற்றி வீசினார்கள். எதற்கு இவ்வளவு பயம் என்று எனக்கே புரியவில்லை. ஆனாலும் பெருமையாக இருந்தது. வேலையை விட்டுவிட்டு இரண்டாம் பாகத்தைத் தொடங்கினேன்.

இந்த முறை எல்லாவற்றையும் பெரிதாக்கினேன். சாயப்பட்டறை, பூட்டிய குடோன், ஆளே இல்லாத காதர்பேட்டை பனியன் கடைத் தெரு. விளையாடிப் பார்க்கக் கொடுத்தவர்கள் ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னார்கள். ஹெட்போனை யாரும் கழற்றவில்லை.

அப்போதுதான் ஒரு வெளிநாட்டுக்காரர் மின்னஞ்சல் அனுப்பினார். “முதல் பாகத்தில் பேசும் அந்தப் பெண் இரண்டாம் பாகத்திலும் வருவாரா? அவர் சொல்வதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டிருந்தார். என் விளையாட்டில் யாரும் பேச மாட்டார்கள். வேறு ஏதோ விளையாட்டை நினைத்து எழுதியிருக்கிறார் என்று பதில் போட்டேன். அவர் ஒரு ஒலித்துண்டை அனுப்பினார். மெஷின் இரைச்சலைக் குறைத்துச் சுத்தம் செய்தது.

சமையலறை வாசலில் நின்றபடி அதைக் கேட்டேன். இரைச்சலுக்கு அடியில், மிகப் பக்கத்தில், ஒரு பெண் கேட்டாள்:

“இன்னும் ஊட்டுக்குப் போலீங்களா, கண்ணு?”

முதுகில் யாரோ ஈரக்கையை வைத்ததுபோல் இருந்தது. என்னிடமிருந்த மூல ஒலியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தது. மற்ற மெஷின்கள் நின்றபின் கடைசி மெஷினின் சத்தம் கூடும்படி நான் அமைத்திருந்தேன். அதனால் அந்த இடத்தில் மட்டும் குரல் லேசாக மேலே வந்திருக்கிறது. பலர் அதைக் கேட்டிருக்கிறார்கள். அர்த்தம் தெரியாமலே பயந்திருக்கிறார்கள். என் திறமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்.

அந்த ஒலியைக் கீழே யூனிட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பதிவு செய்திருந்தேன். எனக்காக வீட்டுக்காரர் வந்து மெஷினை ஓட்டிக் காட்டினார். எங்கள் இருவரைத் தவிர அங்கே யாரும் இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். “இது யாரு குரல்னு தெரியுதா பாரும்மா.”

அம்மா கேட்டுவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “என்னட்டி இது? நீ பேசுனத என்கிட்டயே யாருன்னு கேக்க?”

“நான் இல்லம்மா.”

“பெத்தவளுக்கு ஒன் தொண்டை தெரியாதா? ஆனா ஏன் இந்த ஊர்க்காரங்க மாதிரி பேசுத?”

அதுதான் எனக்கும் உறைத்தது. தெற்கேயிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இங்கேயே வளர்ந்தாலும் வீட்டை ‘ஊடு’ என்று என் வாயில் வந்ததில்லை. திரும்பக் கேட்டேன். என் குரல்தான். நான் பேசாத பேச்சு.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கீழே இறங்கினேன். வீட்டுக்காரர் நூல் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், நிதானமானவர். ஒலியைப் போட்டுக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“ஆமாங்க கண்ணு, நீங்க பேசினதுதான். அன்னிக்கு நானும் இங்கதான நின்னேன்.”

“உங்ககிட்டயா பேசினேன், ஐயா?”

“என்றகிட்ட இல்லீங்க. அந்த மூலையப் பாத்துக் கேட்டீங்க.” கடைசி மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கைக் காட்டினார். “ஆரோ நிக்கறாங்கனு நெனச்சு நானும் எட்டிப் பார்த்தனுங்க.”

“யாரு இருந்தாங்க?”

“ஆரும் இல்லீங்க.”

“அப்பவே ஏன் சொல்லல, ஐயா?”

“ரெக்கார்டுக்காவ பேசறீங்கன்னு நெனச்சனுங்க. பேசிட்டுக் கொஞ்ச நேரம் நின்னீங்க. பதிலுக்கு ஆரோ சொல்றத கேக்கறாப்புல தலையாட்டினீங்க. அப்பறம் சிரிச்சீங்க.”

எனக்கு எதுவும் நினைவில் இல்லை. மெஷின் ஓடியது, போனைப் பிடித்துக்கொண்டு நின்றது, கை வலித்தது, எல்லாம் நினைவிருக்கிறது. பேசியது மட்டும் நினைவில்லை. அந்த மூலையில் முன்பு யார் வேலை பார்த்தார்கள், ஏதாவது நடந்ததா என்று விசாரித்தேன். அப்படி எதுவும் கிடையாது என்றார். யூனிட் கட்டுவதற்கு முன் அது வெறும் சோளக்காடு. ஏதாவது நடந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பெண் வேண்டும் என்று கேட்டு இன்னும் பலர் எழுதினார்கள். அதே வாக்கியத்தை மைக் முன்னால் பேசிப் பார்த்தேன். நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோல் இருந்தது. கடைசியில் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை யூனிட்டைத் திறக்கச் சொன்னேன். இந்த முறை அம்மாவை வாசலருகே உட்காரவைத்தேன். மெஷின் ஓடியவரை துப்பட்டாவை மடித்துப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். மூலையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவ்வளவு சிரமப்பட வேண்டியிருந்தது ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

பதிவில் இரைச்சல் மட்டும்தான் இருந்தது. பழைய ஒலியைத் தூக்கிவிட்டு அதையே வைத்து இரண்டாம் பாகத்தை வெளியிட்டேன். சாயப்பட்டறை அழகு என்று பாராட்டினார்கள். மெஷின்களில் மட்டும் ஏதோ குறைகிறது என்றார்கள். சுமாராகத்தான் போனது. எனக்கு வருத்தமில்லை. இப்போது மழையை வைத்து ஒரு சின்ன விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். ஒலிகளை வேறொருவரிடம் வாங்கிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே யூனிட் பூட்டியிருந்தது. உள்ளே காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கத்திச் சத்தம் நின்றது.

“யாருட்டி வந்துருக்கா? யார்ட்ட சிரிச்சுப் பேசுத?” என்று கேட்டாள்.

“யாரும் இல்லம்மா. நான் பேசவே இல்லயே.”

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, என் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிக் கொடியில் போட்டுவிட்டு, “நீ உள்ள போ” என்றாள்.