மூலம் தெரியாத கட்டி

கண்டக்டருக்குக் கடவுள் அள்ளிக் கொடுத்தது தொண்டையை. பின்வாசலில் நின்று "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று அவர் ஒரு சத்தம் போட்டால், முன்வாசலில் தொங்குகிறவனும் உள்ளே போய்விடுவான். அந்தத் தடத்தில் அவருக்கு வெங்கலம் என்றே பெயர். பீடி, சிகரெட், குடி எதையும் தொட்டதில்லை.

அவர் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. ஊசி குத்திச் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். அது வேறெங்கோ பிறந்து கழுத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறதாம். எங்கே பிறந்தது என்று குழாய் விட்டும் படம் எடுத்தும் பார்த்தார்கள், அகப்படவில்லை.

"மூலம் இன்னும் தெரியல" என்றார் டாக்டர். கூட வந்திருந்த மச்சானின், அதாவது கண்டக்டர் மனைவியின் அண்ணனின், காதில் பாதிதான் விழுந்தது. சாயங்காலத்துக்குள் டிப்போ முழுக்கப் பரவிவிட்டது, வெங்கலத்துக்கு மூலமாம் என்று. டிரைவர் பாசத்தோடு ஒரு காற்றுத் தலையணை வாங்கி வந்தார்.

"வலிக்காம உக்காருங்கண்ணே."

"கட்டி கழுத்துலய்யா!"

"அப்ப இந்தத் தலகாணி?"

"என் மச்சான் வாயில வச்சு அடை."

சிரிப்பு அதோடு முடிந்தது. மச்சான் அடுத்த கதையைத் தொடங்கினார். "பழக்கம் இல்லாம வருமா? எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா டாக்டரே முழிக்கிறாரு. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டுவார். ஒருநாள் காலையில் மனைவி காக்கிச் சட்டையைத் துவைக்கப் போடுமுன் மோந்து பார்த்தாள். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

டாக்டர் உடைத்தே சொன்னார்: "பிறந்த இடம் தெரிஞ்சா அங்க குறி வச்சுக் கதிர்வீச்சு கொடுக்கலாம். இல்லன்னா தொண்டை முழுக்கக் கொடுக்கணும். குரலுக்கு உத்தரவாதம் இல்ல. பெட் ஸ்கேன் பாத்துடுவோம்."

ஸ்கேன் அன்று சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை நரம்பில் ஏற்றிய நர்ஸம்மா, அவரைத் தனி அறையில் படுக்க வைத்தார். "கட்டி இந்தச் சர்க்கரையை வாரித் தின்னும், தின்ன இடம் படத்துல எரியும். வேலை செய்யுற தசையும் தின்னும். அதனால ஒரு மணி நேரம் பேசக் கூடாது, மெல்லக் கூடாது, பல்லைக்கூடக் கடிக்கக் கூடாதுங்க."

கதவுக்கு வெளியே மச்சான் குரல், யாரோ முன்பின் தெரியாதவரிடம்: "எங்க மாப்ள திருட்டுத்தனமா ஊதுவாரு. இப்ப பாருங்க."

"யோவ் மச்சான்! நீ பாத்தியாய்யா? பாத்தியா?"

பேருந்து நிலையத்தையே திருப்பக்கூடிய சத்தம். நர்ஸம்மா ஓடி வருவதற்குள் இன்னும் என்னென்னவோ வந்துவிட்டது. படத்தில் நாக்கு, தாடை, குரல்வளை எல்லாம் எரிந்தன. "கட்டியைத் தேடச் சொன்னா உங்க கோபத்தைப் படம் எடுத்திருக்கோம்" என்றார் டாக்டர். மறுபடி எடுக்க வேண்டும்.

மறுமுறையும் மச்சான் கூப்பிடாமலே வந்தார். கதவுக்கு வெளியே அதே குரல்: "என் தங்கச்சியே சட்டையை மோந்து பாக்குறான்னா பாத்துக்குங்க."

அப்படியென்றால் அவள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். கண்டக்டருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதைப் பல்லில் வைக்கக் கூடாது, முஷ்டியில் வைக்கக் கூடாது, நாக்கில் வைக்கவே கூடாது. வேறு எங்கேதான் வைப்பார்? உதடு அசையாமல் கடவுளிடம் கொடுத்தார். ஆண்டவனே, என் வாயை நீ பிடித்துக்கொள், அவர் வாயை அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன். கண்ணீர் காதோரம் வழிந்தது. அதற்கு யாரும் தடை போடவில்லை.

இந்தத் தடவை படத்தில் கழுத்துக் கட்டியைத் தவிர ஒரே ஓர் இடம்தான் எரிந்தது. வலப்பக்க டான்சிலுக்குள், கடுகளவு. துளி எடுத்துச் சோதித்து, "பிறந்த இடம் இதுதான். கதிரை இங்கயும் கழுத்துக் கட்டிலயும் குறி வைக்கலாம். குரல் தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கு" என்றார் டாக்டர்.

"தொண்டைதானே? நான் அப்பவே சொல்லல?" என்றார் மச்சான்.

"படம் எங்கேன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. எந்தப் பழக்கமும் இல்லாதவங்களுக்கும் வருதுங்க" என்றார் டாக்டர்.

கண்டக்டர், மனைவி, மச்சான் மூவரும் திரும்பும்போது ஏறியது கண்டக்டர் வழக்கமாக வேலை பார்க்கும் வண்டி. மச்சான் படியில் நின்றபடி, மாற்றாளாக வந்திருந்த கண்டக்டரிடம் இரண்டு விரலை உதட்டுக்குக் கொண்டுபோனார். வெங்கலம் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஒன்று ஊதினார். யார் விசில் என்று திரும்பிப் பார்க்காமலே டிரைவருக்குத் தெரியும். வண்டி நின்றது.

"எறங்குங்க மச்சான்."

"என்ன மாப்ள, வெளையாட்டா?"

"எறங்குங்கன்னேன்!" கண்ணாடி அதிர்ந்தது.

மச்சான் தங்கையைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. "அடுத்த வண்டியில வாண்ணே. நான் செஞ்சதுக்கே இவர்கிட்ட என்ன சொல்லப் போறேன்னு தெரியல."

அவர் இறங்கினார். வெங்கலம், மனைவி பக்கம் திரும்பாமல், இரண்டு விசில் ஊதினார். வண்டி கிளம்பியது.